ஓர் உறைக்குள் இரண்டு கத்தி!



"ஓர் உறைக்குள் ரெண்டு கத்தி இருக்காது" என்று பெரியவங்க சொல்வாங்க. கத்திக்கு அது சரி. கணினிக்கு? ஒரே கணினியில் பழைய விண்டோஸும் புது விண்டோஸும், அல்லது விண்டோஸும் லினக்ஸும் சண்டை போடாமல் குடியிருக்க முடியும். இதற்கு 'டூயல் பூட்' என்று பெயர். பட்டனை அழுத்தியதும் "எதைத் திறக்கட்டும்?" என்று கணினியே பட்டியல் போட்டுக் கேட்கும். நாம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் தெரியுமா? நம் கம்ப்யூட்டர் லேபில் உள்ள பழைய கணினிகளை எல்லாம் ஃபார்மேட் செய்துவிட்டுப் புதுசு போடப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. "எக்ஸ்பி எல்லாம் ஒரு சிஸ்டமா? தாத்தா காலத்துது!" என்று நம் வகுப்பிலேயே பாதிப் பேர் சிரிக்கிறார்கள். புதுசு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாராளமாக வரட்டும். ஆனால் பழசை அழித்துவிட்டு வராமல், அதன் பக்கத்தில் வந்து உட்காரட்டும். இதுதான் என் கருத்து.

முதல் காரணம், நம் பள்ளி ஆண்டு மலர். நம் அண்ணன்களும் அக்காக்களும் எழுதிய கதை, கவிதை, கட்டுரை எல்லாம் அந்தக் காலத்தில் பேஜ்மேக்கரில்தான் வடிவமைக்கப்பட்டன. அந்தக் கோப்புகள் லேபில் இருக்கிற எக்ஸ்பி கணினியில் மட்டும்தான் ஒழுங்காகத் திறக்கின்றன. புதுக் கணினிக்குக் கொண்டுபோனால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் காற்புள்ளியுமாகக் கன்னாபின்னாவென்று வருகிறது.

ஏன் இப்படி? பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களிலேயே தமிழ் எழுத்துகளை உட்கார வைத்திருந்தன. பாமினிக்கு ஒரு வரிசை, வானவில்லுக்கு ஒரு வரிசை என்று ஆளுக்கு ஒரு கணக்கு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு அரசு டாம், டாப் என்று இரண்டு தரங்களை அறிவித்தது. 2010-இல் ஒருங்குறியை, அதாவது யூனிகோடை, அரசு ஏற்றுக்கொண்டது. பழைய எழுத்துருக்களில் அடித்தது அத்தனையும் அந்தந்த எழுத்துரு இருந்தால்தான் வாய் திறக்கும். எழுத்துருவும் பேஜ்மேக்கரும் எக்ஸ்பியும் ஒன்றாக இருக்கிற அந்தக் கணினியை ஃபார்மேட் செய்தால், நம் சீனியர்களின் எழுத்தைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கிணற்றில் போட்ட மாதிரிதான்!

இரண்டாவது காரணம், பணம். விண்டோஸ் 10-க்கு இலவசமாகக் கிடைத்துவந்த பொதுவான பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. சரி, விண்டோஸ் 11 போடலாம் என்றால் 4 ஜி.பி. ராம் வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். நம் லேபின் பழைய கணினிகளில் இரண்டும் கிடையாது. "போடவே முடியாது, தூக்கிப் போடு" என்பதுதான் முடிவா? இல்லை. குறைந்த ராமிலும் ஓடக்கூடிய லினக்ஸ் வகைகள் இருக்கின்றன. எக்ஸ்பியை ஒரு பக்கம் விட்டுவிட்டு, இன்னொரு பக்கம் அதைப் போடலாம். காசும் கேட்காது.

இது ஒன்றும் நான் புதிதாகக் கண்டுபிடித்த யோசனை அல்ல. நம் தமிழக அரசே செய்து காட்டியதுதான். 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எல்காட் நிறுவனம் மூலம் வாங்கிக் கொடுத்த அந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பாஸ் என்றால் முதலாளி என்று நினைக்காதீர்கள்! 'பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-இல் வெளிவந்தது. தமிழிலேயே மெனு காட்டும். நம் மாநிலத்தில் எத்தனையோ அண்ணன் அக்காக்களின் கையில் ஓர் உறைக்குள் இரண்டு கத்தி இருந்தது. பலருக்கு அது தெரியவே தெரியாது!

அதே 2011 செப்டம்பர் 15-இல்தான் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டமும் தொடங்கியது. மிக்ஸி வந்ததும் நம் வீட்டு அம்மிக்கல்லைத் தூக்கி எறிந்தோமா? இல்லையே! கரண்ட் போனால் அம்மிதானே சட்னி அரைக்கிறது? அதேபோல இதுவும்.

ஆனால் பக்கத்துப் பக்கத்தில் வைப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் பழசு, அப்புறம் புதுசு. இந்த வரிசை மாறினால் வம்புதான். எங்கள் தெருவில் ஒரு அண்ணன் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறவர். அவருடைய விண்டோஸ் 7 கணினியில், பழைய பிரிண்டருக்காக எக்ஸ்பியும் வேண்டும் என்று ஒரு கடையில் கொடுத்தார். எக்ஸ்பி வந்தது, ஆனால் 7 காணாமல் போனது! "எல்லாம் அழிஞ்சு போச்சு தம்பி, ஃபார்மேட்தான் வழி" என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வருட வேலை அதற்குள் இருந்தது. மனுஷன் சாப்பிடவே இல்லை. நல்ல வேளையாக, விஷயம் தெரிந்த இன்னொருவர் விண்டோஸ் 7 டிவிடியைப் போட்டு அரை மணி நேரத்தில் மீட்டுக் கொடுத்தார். உண்மையில் எதுவுமே அழியவில்லை.

அப்படியானால் நடந்தது என்ன? பழைய பயாஸ் வகைக் கணினிகளில் ஹார்ட் டிஸ்க்கின் முதல் 512 பைட்டை வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு காவல்காரர் நிற்கிறார். எந்தச் சிஸ்டத்தைக் கடைசியாகப் போடுகிறோமோ, அது தன் காவல்காரரை அங்கே நிறுத்திவிடும். 2001-இல் வந்த எக்ஸ்பியின் காவல்காரருக்கு 2009-இல் வந்த விண்டோஸ் 7-ஐ எப்படித் தெரியும்? "அப்படி யாரும் இங்க குடியில்லைங்க" என்று சொல்லிவிடுவார். புதுக் காவல்காரரோ பழைய குடித்தனக்காரரையும் அறிந்தவர். அதனால்தான் பழசு இருக்கும்போது புதுசைப் போட்டால், "முந்தைய விண்டோஸ்" என்று அதுவே பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. லினக்ஸின் 'கிரப்' என்ற காவல்காரரும் பொதுவாக அப்படியே. வரிசை தவறிப்போனாலும் பயம் வேண்டாம். புதுச் சிஸ்டத்தின் டிவிடியால் அதன் காவல்காரரை மறுபடி வாசலில் நிறுத்தலாம். காவல்காரர் மாறினார் என்பதற்காக வீட்டையே இடிக்கலாமா? ஃபார்மேட் என்பது அதுதான்!

இனி எதிர்க்கட்சிக்காரர்களின் கேள்விக்கு வருகிறேன். "எக்ஸ்பியில் வைரஸ் வருமே?" வரும். நியாயமான கேள்வி. எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு உதவி 2014 ஏப்ரல் 8-இலும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-இலும் முடிந்துவிட்டன. 2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்ற தாக்குதல் உலகையே கலக்கியது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் திணறின. பக்கத்து ஆந்திராவில் காவல்துறைக் கணினிகள் மாட்டின. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விண்டோஸ் 7 போன்றவற்றுக்கு அந்த ஓட்டையை அடைக்கும் மருந்து அதே ஆண்டு மார்ச் மாதமே வந்துவிட்டது. போடாமல் விட்டவர்களே அதிகம் மாட்டினார்கள். எனவே புதுசு என்றால் பத்திரம் என்றும் இல்லை. அப்டேட் செய்தால்தான் பத்திரம். அப்டேட்டே வராத பழசுக்கு ஒரே வைத்தியம், அதற்கு நெட் கொடுக்காமல் இருப்பது. கேபிளைப் பிடுங்கிவிட்டால் பாதி ஆபத்து போச்சு. மீதி பென் டிரைவ் வழியாக வருவது. அதையும் சோதித்துவிட்டே செருக வேண்டும்.

இன்னொரு கேள்வியும் வரும். "அப்போ புதுசா வந்த கணினியிலும் எக்ஸ்பி போடலாமா?" வேண்டாம். இப்போது வரும் யூ.இ.எஃப்.ஐ. வகைக் கணினிகளோடு எக்ஸ்பிக்கு ஒத்துப்போகாது, நீலத்திரைதான் மிஞ்சும். அங்கே வர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதற்குள் ஒரு ஜன்னலில் பழைய சிஸ்டத்தை ஓட்டலாம். கணினிக்குள் ஒரு கணினி!

ஆகவே நம் தலைமை ஆசிரியர் அவர்களுக்கும் கணினி ஆசிரியர் அவர்களுக்கும் என் பணிவான வேண்டுகோள் இதுதான்:

1. எதைத் தொடும் முன்பும் ஆண்டு மலர்க் கோப்புகளையும் எழுத்துருக்களையும் இரண்டு இடத்தில் பிரதி எடுக்க வேண்டும்.

2. பழைய கணினிகளில் எக்ஸ்பியை விட்டுவிட்டு, 'டி' டிரைவ் இடத்தில் லினக்ஸ் போட வேண்டும். 2018-இல் வந்த பிளஸ் ஒன் கணினி அறிவியல் புத்தகத்தில் விண்டோஸோடு உபுண்டு பாடமும் இருக்கிறதே! படத்தில் பார்த்ததைக் கையால் செய்து பார்ப்போம்.

3. எக்ஸ்பிக்கு நெட் கூடாது. நெட் வேலை எல்லாம் லினக்ஸில்.

4. வாரம் ஒரு பீரியட், பழைய கோப்புகளை மாணவர்களே ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். இதற்கு என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. எழுத்துப் பிழை திருத்தத் தமிழ் ஐயாவின் உதவியும் வேண்டும்.

எல்லாம் மாற்றி முடித்த பிறகு எக்ஸ்பிக்கு விடை கொடுக்கலாம். அதுவரை பொறுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஃபார்மேட் செய்யப் பத்து நிமிஷம் போதும். போனதை மறுபடி எழுத, அன்று எழுதிய அண்ணன்களும் அக்காக்களும் இன்று நம் பள்ளியில் இல்லை.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழில் எழுதுங்கள். பதில் சொல்லத் தயார்!



— பிளஸ் ஒன் கணினிப் பிரிவு மாணவி,
கெங்கவல்லி