தேதி சொல்லுங்கள்: சென்னை – திருச்சி சாலையோர ஊர்மக்களின் கோரிக்கைச் சாசனம்

சாலையைத் தேடி நாங்கள் வந்து குடியேறவில்லை. சாலைதான் எங்கள் ஊர்களுக்குள் வந்து அகலமானது. மேல்மருவத்தூர், திண்டிவனம், விக்கிரவாண்டி, உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், பாடாலூர் என்று நீளும் இந்தத் தடத்தில் வீடு ஒரு பக்கம், வயல் மறுபக்கம் என்றாகிவிட்ட குடும்பங்கள் உண்டு. சாலைக்கு நிலம் கொடுத்தோம். பரனூர் முதல் சமயபுரம் வரை சுங்கச்சாவடிகளில் பணமும் கட்டுகிறோம். உயிரோடு வீடு திரும்புவதை யாரிடமும் சலுகையாகக் கேட்கும் நிலையில் நாங்கள் இல்லை.

2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. வேறெந்த மாநிலத்திலும் அத்தனை நடக்கவில்லை. இறந்தவர்கள் 17,884 பேர். நாளொன்றுக்கு 49 பேர், ஒரு பேருந்து நிறைய ஆட்கள். உலகச் சாலைச் சாவுகளில் 92 விழுக்காடு ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் நிகழ்கிறது. உலக வாகனங்களில் சுமார் 60 விழுக்காடுதான் அங்கே ஓடுகின்றன. ஆகவே வாகனப் பெருக்கத்தின் மேல் பழியைப் போட்டுவிட முடியாது. கீழே கேட்பவற்றில் பல ஏற்கெனவே சட்டமாகவும் விதியாகவும் திட்டமாகவும் எழுதப்பட்டவை. நிறைவேறும் தேதியைத்தான் யாரும் எழுதவில்லை.

1. சாலை இரண்டாகப் பிளந்த ஒவ்வோர் ஊருக்கும் சுரங்கப்பாதை வேண்டும். படியேறும் நடைமேம்பாலம் இதற்கு ஈடாகாது. பால்கேன் மாட்டிய சைக்கிளும் புல்லுக்கட்டுச் சுமந்த தலையும் அதில் ஏறாது; ஏற முடியாதவர்கள் சென்டர் மீடியனைத்தான் தாண்டுவார்கள். பாதையில் விளக்கு எரிய வேண்டும், ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கக் கூடாது. கட்டி முடிக்கக் காலம் பிடிக்கும் என்பது எங்களுக்கும் தெரியும். எந்த ஊருக்கு எந்த ஆண்டு என்ற பட்டியலை மூன்று மாதத்துக்குள் வெளியிடுங்கள்.

2. சுரங்கப்பாதை வரும்வரை ஊர் எல்லைக்குள் வேகம் குறைய வேண்டும். மோதும் வாகனத்தின் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 65 ஆனால், நடந்து செல்பவர் இறக்கும் அபாயம் நாலரை மடங்கு கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊர் தொடங்குமிடத்தில் வேகவரம்புப் பலகையும் சாலையில் அதிர்வுக் கோடுகளும் கண்காணிப்புக் கேமராவும் வையுங்கள். கேமராக் கண்காணிப்புக்கு 2019இலேயே மோட்டார் வாகனச் சட்டத்தில் 136ஏ பிரிவு சேர்ந்துவிட்டது. பலகை நட ஒரு வாரம் போதும்.

3. விபத்துக் கரும்புள்ளிகளின் பட்டியல் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். 500 மீட்டருக்குள் மூன்று ஆண்டுகளில் உயிர்ச்சேதமோ கொடுங்காயமோ நேர்ந்த 5 விபத்துகள், அல்லது 10 சாவுகள் நிகழ்ந்தால்தான் தேசிய நெடுஞ்சாலையில் ஓரிடம் கரும்புள்ளி ஆகிறது. எந்தத் திருப்பம் ஆளை விழுங்கும் என்பது அந்தக் கணக்கு நிறையும் முன்பே பக்கத்து டீக்கடைக்காரருக்குத் தெரியும். அவர் சொல்லையும் கேட்டுப் பட்டியலைத் தயாரியுங்கள். என்ன சரிசெய்யப்படும், யார் பொறுப்பு என்பதும் அதில் இருக்கட்டும்.

4. ஒவ்வோர் உயிரிழப்பு விபத்திலும் ஓட்டுநரோடு சாலையும் விசாரிக்கப்பட வேண்டும். வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் பாதுகாப்பு விதிகளை மீறியதால் சாவு நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு வழி செய்கிறது. சட்டப் புத்தகத்தில் கிடக்கும் பிரிவு வழக்குப் பதிவேட்டுக்கு வரட்டும்.

5. சர்வீஸ் ரோடு விட்டுவிட்டு இல்லாமல் தொடர்ச்சியாகப் போடப்பட வேண்டும். ராங் சைடில் வருகிறார்கள் என்று எங்களைத் திட்டுவது சுலபம். எதிரே தெரியும் பெட்ரோல் பங்குக்குப் போக இரண்டு மூன்று கிலோமீட்டர் சுற்றச் சொன்னால் ஆள் குறுக்கு வழியைத்தான் பார்ப்பான். அறுந்து நிற்கும் இடங்களை அளந்து, இந்த நிதியாண்டிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

6. இருட்டில் நிற்கும் லாரிகளும் விளக்கில்லாத டிராக்டர்களும் சாலையை விட்டு நீங்க வேண்டும். லாரி நிறுத்தத் தனி இடம் ஒதுக்குங்கள். பழுதாகி நிற்பதை உடனே இழுத்துச் செல்ல ரோந்து வண்டி ஓடட்டும். அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிவரும் டிராக்டர்களின் பின்புறம் ஒளிரும் பட்டை ஒட்டாமல் ஆலையின் எடைமேடையில் ஏற்றக் கூடாது. அடுத்த அரவைக்கு முன் இது நடைமுறைக்கு வர வேண்டும்.

7. பாதயாத்திரை செல்வோருக்கு இரவில் சாலையோரத்தைத் தடுப்பு வைத்துப் பிரித்துக் கொடுங்கள். சமயபுரத்துக்கும் மேல்மருவத்தூருக்கும் எந்த மாதத்தில் கூட்டம் நடக்கும் என்பது பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. எதிர்பாராத கூட்டம் என்று யாரும் சொல்ல முடியாது.

8. இருசக்கர வாகனம் விற்கும்போதே தரமான ஹெல்மெட் கொடுக்கப்பட வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதி 138 இதை முன்பே சொல்கிறது. 2022இல் நாட்டில் சாலையில் இறந்தவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஹெல்மெட் கொடுக்காத கடையின் வண்டியைப் பதிவு செய்யாதீர்கள்.

9. அடிபட்டவருக்குப் பணம் கேட்காமல் சிகிச்சை தொடங்க வேண்டும். மாநில அரசின் முதல் 48 மணி நேர இலவசச் சிகிச்சைத் திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று இதே சாலையில், மேல்மருவத்தூரில் தொடங்கியது. மத்திய அரசும் 2025இல் ஏழு நாளுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சையை அறிவித்தது. இத்திட்டங்களில் உள்ள மருத்துவமனைகளின் பெயரும் தொலைவும் சாலையோரப் பலகைகளில் இருக்கட்டும். அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவருக்குப் பாதுகாப்புத் தரும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு ஒவ்வொரு காவல் நிலைய வாசலிலும் தமிழில் எழுதப்படட்டும்.

10. மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு மாதந்தோறும் கூடி, நடவடிக்கைக் குறிப்பை வெளியிட வேண்டும். கோவை எலும்பு சிகிச்சை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், மாவட்டந்தோறும் இக்குழுவை அமைக்க 2017 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாலையோர ஊராட்சிகளின் பிரதிநிதிகளுக்கும் அதில் இடம் கொடுங்கள்.

எங்கள் பங்கை நாங்கள் செய்கிறோம். பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் போடுவோம். பிள்ளைகள் கையில் வண்டிச் சாவியைக் கொடுக்க மாட்டோம். மீடியனை உடைத்து வழி வைக்க மாட்டோம், வைப்பவரையும் விட மாட்டோம்.

2030க்குள் சாலைச் சாவுகளைப் பாதியாக்குவது என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்டுள்ளன. அதற்கு இன்னும் அதிகக் காலம் இல்லை. இந்தச் சாசனத்தின் ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறோம். பொறுப்பானவர்கள் அதில் தேதி எழுதிக் கையெழுத்திட்டுத் திருப்பித் தரட்டும்.