ஐந்நூறு ஏவுகணைகளும் ஐம்பது மாலுமிகளும்

வல்லரசுகள் எக்கப்பலைக் கட்டினால் நமக்கென்ன என்று கேட்போர் உளர். கடல் சூழ்ந்த தீவில் வாழ்வோர் கேட்கத் தகாத கேள்வி அது. 1942ஆம் ஆண்டு ஏப்பிரில் 9ஆம் நாள் திருக்கோணமலைமீது குண்டு பொழிந்த யப்பானிய விமானங்கள் நம் மக்களின் சம்மதத்தைக் கேட்டு வரவில்லை. ஆதலின், பெரும் போர்க்கப்பல் பற்றிய பேச்சு உலக அரங்கில் மீண்டும் எழுந்திருக்கும் இவ்வேளையில், அவ்வெண்ணத்தின் நன்மை தீமைகளை எடைபோட்டுப் பார்ப்பது நம் கடனாகும்.

இதற்கு முன்னோடியான திட்டம் 1996இல் அமெரிக்காவில் உருவாயிற்று. கடற்படைத் தலைவராயிருந்த அட்மிரல் ஜெரமி பூர்டா அதன் முதன்மை ஆதரவாளர். ஏறத்தாழ 500 செங்குத்து ஏவுகுழாய்களைக் கொண்ட ஒரு மிதக்கும் ஆயுதக் களஞ்சியம். அதனை நடத்த 50 பேருக்கு மேற்படாத மாலுமிகள். கப்பலொன்றின் விலை 50 கோடி டொலர் அளவில் அடங்கவேண்டும். இத்தகைய கப்பல்கள் ஆறினைக் கட்டிப் பாரசீக வளைகுடா முதலிய கடல்களில் நிறுத்திவைப்பதே நோக்கம்.

இதன் நன்மைகளை மறைப்பது நேர்மையாகாது. ஐயோவா வகைப் பழைய போர்க்கப்பல் 1,500 பேருக்கு மேற்பட்ட மாலுமிகளைச் சுமந்துகொண்டு, தொமஹோக் ஏவுகணைகள் 32ஐ மட்டுமே கொண்டுசென்றது. அர்லி பேர்க் வகை நாசகாரிக் கப்பலோ 300 பேரளவில் ஏற்றிக்கொண்டு 90 சொச்சம் ஏவுகுழாய்களையே தாங்குகின்றது. கணக்கறிந்த எவருக்கும் புதிய திட்டத்தின் சிக்கனம் விளங்கும். அன்றியும், பிறநாட்டு மண்ணில் தளம் கேட்டு இரக்கவேண்டியதில்லை. பொதுக்கடலில் நின்றே 1,600 கிலோமீற்றருக்கு அப்பாலும் தாக்கலாம். 1991இல் ஈராக்மீது 280க்கு மேற்பட்ட தொமஹோக் ஏவுகணைகளைக் கடலிலிருந்து செலுத்திய படைக்கு, இது இயல்பான அடுத்த படியாகவே தோன்றியது.

இனிக் குறைகளைக் காண்போம்.

முதலாவது, இக்கப்பலுக்குக் கண் இல்லை. விலையைக் குறைக்கும் பொருட்டு ஆற்றல்மிக்க றேடார் முதலியவற்றை நீக்கிவிட்டனர். இலக்கைக் காண்பதும் காட்டுவதும் வேறு கப்பல்களும் விமானங்களும் செய்யவேண்டியவை. கை ஓரிடம், கண் வேறிடம்! பிறர் காவலை நம்பிக் கடலில் நின்ற கப்பலின் கதி என்ன என்பதற்கு நமது மட்டக்களப்புக் கடலே சாட்சி. திருக்கோணமலை தாக்குண்ட அதே நாளில், ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் தன்மேல் ஒரு விமானமும் இன்றி அங்கே சென்றுகொண்டிருந்தது. கரையிலிருந்து வரவேண்டிய காவல் விமானங்கள் உரிய வேளையில் வந்து சேரவில்லை. கப்பல் மூழ்கியது, 307 பேர் மாண்டனர்.

இரண்டாவது, விதைநெல் முழுவதையும் ஒரே கொட்டிலில் அடுக்கிவைத்து விளக்கேற்றிச் செல்லும் கமக்காரன் நம்மிடையே இல்லை. ஏவுகணையொன்று 10 இலட்சம் டொலர் எனக் கொண்டால், கப்பலின் விலைக்கு ஒப்பான இன்னொரு 50 கோடி அதன் வயிற்றினுள் கிடக்கும். இரட்டைச் சுவருடைய உடலும், நீரில் தாழ்ந்து மிதக்கும் அமைப்பும் காப்பாற்றும் என்பர் ஆதரவாளர். தனக்கெனச் சொந்த றேடாரும் எதிர்ப்புக் கணைகளும் பெற்றிருந்த ருசியாவின் மொஸ்க்வா கப்பல், 2022 ஏப்பிரிலில் உக்ரெயின் ஏவிய கணைகளால் தாக்குண்டு மறுநாள் மூழ்கிற்று. கண்ணுள்ளதற்கே அக்கதியாயின், கண்ணில்லாததற்கு யாது கதி? மேலும், குழாய்கள் ஒழிந்தபின் நடுக்கடலில் அவற்றை மீண்டும் நிரப்ப வழியில்லாமையால், களஞ்சியம் வெறுங்கலமாகித் துறைமுகம் நோக்கித் திரும்பவேண்டியதே.

மூன்றாவது குறையே எல்லாவற்றிலும் கொடியது. ஆதரவாளர் பெருமையாகக் கூறும் நன்மை எதுவோ, அதுவே அக்குறை. "நம்மவர் ஐம்பதின்மருக்கு மட்டுமே ஆபத்து" என்கின்றனர். தன் பிள்ளைகள் மடிவரே என்னும் அச்சமன்றோ எந்த அரசையும் போர் தொடுக்குமுன் இருமுறை சிந்திக்க வைப்பது? அவ்வச்சம் நீங்கினால் போர் மலிவாகும். மலிவான பொருள் மிகுதியாகச் செலவாகும். குண்டு விழும் ஊரிலோ ஐம்பதின்மர் என்ற வரம்பு எவருக்கும் இல்லை.

1997 ஒக்ரோபரில் இத்திட்டம் கைவிடப்பட்டது. மனச்சாட்சி அதனைத் தடுக்கவில்லை, பணமுடையே தடுத்தது. அதனாலேயே அவ்வெண்ணம் சாகவில்லை, நீருக்கடியில் மறுபிறப்பெடுத்தது. ஒகையோ வகை நீர்மூழ்கிகள் நான்கு, ஒவ்வொன்றும் 154 தொமஹோக் கணைகளை ஏந்துமாறு மாற்றப்பட்டன. அவற்றுள் ஒன்றான புளோரிடா 2011 மார்ச்சில் லிபியாமீது 90க்கு மேற்பட்ட கணைகளை ஏவிற்று. 2025 டிசம்பரில் ஜனாதிபதி டொனால்ட் டிரம்ப், 30,000 தொன்னுக்கு மேற்பட்ட ஏவுகணைப் போர்க்கப்பல்களைக் கட்டப்போவதாக அறிவித்தார்.

"பலமுள்ளவன் ஆயுதம் வைத்திருந்தால் அமைதி நிலைக்கும்" என்பார்க்கு நாம் ஒன்று நினைவூட்டுவோம். 1971 டிசம்பர் 16ஆம் நாள், இலங்கை முன்மொழிய, இந்துமாக்கடலை அமைதி வலயமென ஐக்கிய நாடுகள் சபை 61 வாக்குகளால் பிரகடனஞ் செய்தது. எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. ஆனால் அமெரிக்காவும் சோவியத்தும் பிரித்தானியாவும் உட்பட 55 நாடுகள் வாக்களியாது ஒதுங்கின. அக்கடலிலுள்ள தியகோ கார்சியாத் தளத்துக்கு மேற்கூறிய நீர்மூழ்கிகள் வந்து சென்றுள்ளன. பிரகடனம் ஏட்டில் இருக்கின்றது. ஏவுகணை கடலில் இருக்கின்றது.

கப்பலின் விலையையும் குழாய்களின் தொகையையும் வல்லுநர் கணக்கிடட்டும். அக்கணக்கில் விடுபட்டுப்போகும் ஓர் இலக்கம் உண்டு: கரையில் வாழும் மக்கட்டொகை. அதனைச் சேர்த்துக் கூட்டாத எந்தத் திட்டத்தையும் சிக்கனமானதென நாம் ஒப்பமாட்டோம். அமைதி வலயப் பிரகடனத்தை ஏட்டிலிருந்து கடலுக்குக் கொண்டுவருமாறு, அதனை முன்மொழிந்த நாட்டின் மக்களாகிய நாமே முதலில் குரலெழுப்ப வேண்டும்.