வரைபடத்திற்கும் கூலி உண்டு

திரையில் நாம் காணும் வீதிகளும் வீடுகளும் பல வேளைகளில் பலகையும் சாந்தும் வண்ணமும் கொண்டு எழுப்பப்பட்டவையே. 1987-இல் வெளிவந்த 'நாயகன்' படத்திற்காகத் தோட்டா தரணி, பம்பாயின் தாராவியைச் சென்னைப் படப்பிடிப்பு நிலையத்தில் உருவாக்கித் தேசிய விருது பெற்றார். படப்பிடிப்பு முடிந்தால் இத்தகைய அரங்குகள் பிரிக்கப்பட்டுவிடும்.

எந்த நிறுவனத்தையும் சாராது இக்கலையைத் தொழிலாகக் கொண்டோர் பலர். அரங்கப் பணி கிட்டாத மாதங்களில் இல்லங்களுக்கும் கடைகளுக்கும் உள் அலங்காரம் செய்து வாழ்வர். மாதச் சம்பளமோ, வருங்கால வைப்பு நிதியோ இவர்களுக்கு இல்லை. தச்சருக்கும் வண்ணம் பூசுவோருக்கும் கூலியைத் தம் கையினின்று கொடுத்துவிட்டு, தமக்குரியதற்காகக் காத்திருப்போரும் உண்டு.

இவர்களை நாமும் இல்லத்திற்கு அழைக்கின்றோம். அளவெடுத்து, கண்விழித்து வரைந்து கொணர்ந்த படத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "யோசித்துச் சொல்கிறோம்" என அனுப்பிவிட்டு, அதையே வேறொரு தச்சரிடம் கொடுத்து வேலை வாங்குவது முறையாகுமா? மரத்திற்கு விலை தருகின்றோம், ஆணிக்கும் தருகின்றோம். சிந்தனைக்கு மட்டும் விலை இல்லையா?

வரைவதற்குரிய கூலியைத் தனியே பேசிக்கொள்வோம். தொகையையும் தவணைகளையும் முன்னரே தாளில் எழுதிக்கொள்வோம். பணி முடிந்த அன்றே மீதியைத் தீர்ப்போம். அந்த வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமன்றோ!