சஸ்பென்ஸ் அக்கவுன்ட்

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, சைதாப்பேட்டை பாலத்தின் நட்ட நடுவில் என் பைக் இருமியது. இரண்டு இருமல். மூன்றாவதில் பிராணனை விட்டது. ரிசர்வ் விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்பா வைத்திருந்த பழைய வண்டி. இடது முழங்காலுக்குப் பக்கத்தில் கைவிட்டு பெட்ரோல் டேப்பைத் திருப்பினால் மறுபடி ஓடும். திருப்பினால்தானே! நாலு மாதமாக அந்த டேப் இறுகிக் கிடக்கிறது. அதற்கென்றே டாங்க் கவர் பாக்கெட்டில் ஒரு கட்டிங் ப்ளேயர் வைத்திருக்கிறேன். வண்டி உருண்டு போகும்போதே குனிந்து, ப்ளேயரால் டேப்பைக் கவ்வித் திருகி, நிமிர்ந்து பார்த்தால்... நேராகப் போக வேண்டிய வண்டி, பக்கத்தில் வந்த பஸ்ஸின் பின்சக்கரத்தை நலம் விசாரிக்கப் போய்க்கொண்டிருந்தது.

“வூட்ல சொல்லிட்டு வந்தியா?” என்றார் டிரைவர். சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். ப்ளேயர் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

இந்தச் சுயபுராணம் எதற்கு என்றால், வீட்டிலேயே விமானம் செய்கிறவர்களைப் பற்றி அப்போதுதான் படித்துக்கொண்டிருந்தேன். சம்பந்தம் கடைசியில் வரும்.

அமெரிக்காவில் இது ஒரு பெரிய பைத்தியம். இதற்காக 1953-ல் ஆரம்பித்த ஈ.ஏ.ஏ. என்ற சங்கம் இன்றும் ஜேஜே என்று நடக்கிறது. வருஷா வருஷம் விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷ் ஊரில் திருவிழா. கார் ஷெட்டில் வைத்து இறக்கை ஒட்டுகிறவர்களில் டாக்டர் உண்டு, ப்ளம்பர் உண்டு, நம்மைப் போல் கணக்கெழுதுகிறவரும் உண்டு. பாதிக்கு மேல் வேலையை சொந்தக் கையால் செய்திருக்க வேண்டும் என்பதுதான் சட்டம்.

செய்து முடித்ததும் ஜிவ்வென்று ஏறிப் பறந்துவிடுவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். கிடையாது. தரையிலேயே ஏகப்பட்ட பரீட்சை.

முதலில் எடை. மூன்று சக்கரத்துக்கும் அடியில் மூன்று தராசு. மொத்த எடை எவ்வளவு, அதன் மையம் எங்கே விழுகிறது என்று கணக்குப் போடுகிறார்கள். மையம் ரொம்பப் பின்னால் போனால், மூக்கு தூக்கிக்கொண்ட விமானத்தை மறுபடி கீழே சாய்க்க முடியாமலே போகலாம்.

அடுத்து இறக்கை. புது டிசைன் என்றால் இறக்கையைக் குப்புறப் போட்டு அதன்மேல் மணல் மூட்டை அடுக்குகிறார்கள். ஏன் குப்புற? பறக்கும்போது காற்று இறக்கையை மேலே தள்ளும், மணலோ கீழே அமுக்கும். அதனால் இறக்கையைத் திருப்பிப் போட்டுவிட்டால் கணக்கு சரி. சாதாரண ரக விமானத்துக்கு 3.8 மடங்கு தாங்க வேண்டும் என்பது ஒரு கணக்கு. 500 கிலோ விமானம் என்றால் சுமார் 1,900 கிலோ. “நாம பரண் பலகைக்கு அரிசி மூட்டை வெச்சுப் பார்த்தோமே, அதானே?” என்றாள் மனைவி. அதேதான்.

அப்புறம் பெட்ரோல். மேலே ஏறும்போது எப்படி இருக்குமோ அப்படி மூக்கைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினுக்குப் போகும் குழாயைக் கழற்றி, ஒரு டப்பாவில் பிடித்து அளக்கிறார்கள். எஞ்சின் முழு வேகத்தில் குடிப்பதைப்போல ஒன்றரை மடங்கு வர வேண்டும். பம்ப் இருந்தால் ஒன்றே கால் போதும்.

கடைசியில் ரன்வேயில் ஓட்டிப் பார்ப்பது. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. இதில் ஒரு ஆபத்து உண்டு. 1974 ஜனவரி 20-ம் தேதி, கலிஃபோர்னியாவில் ஒய்.எஃப்.-16 போர் விமானத்தை வெறுமனே ஓட்டித்தான் பார்த்தார்கள். அது இப்படியும் அப்படியும் ஆட ஆரம்பிக்க, தரையிலேயே இருந்தால் வம்பு என்று பைலட் ஃபில் ஆஸ்ட்ரைகர் சட்டென்று மேலே கிளப்பிவிட்டார். ஆறு நிமிஷம் பறந்து பத்திரமாக இறங்கினார். அவர் கைதேர்ந்த டெஸ்ட் பைலட். கார் ஷெட் ஆசாமிக்கு அப்படி நடந்தால்?

பி.காம். படித்தவனுக்கு இதெல்லாம் புதிதில்லை. இதற்கு எங்கள் ஊரில் ட்ரையல் பேலன்ஸ் என்று பெயர். ஃபைனல் அக்கவுன்ட்டுக்கு முன்னால் தப்பைக் கண்டுபிடிக்கிற இடம். கண்டுபிடிக்க முடியாத வித்தியாசத்தை என்ன செய்வோம்? ‘சஸ்பென்ஸ் அக்கவுன்ட்’ என்று ஒன்றைத் திறந்து அதில் போட்டு மூடிவிடுவோம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பாடகர் ஜான் டென்வர் கதைக்கு வருகிறேன். நல்ல பைலட். 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். யாரோ வீட்டில் செய்த ‘லாங்-ஈஸி’ விமானத்தை வாங்கினார். பர்ட் ருட்டான் போட்ட டிசைனில், டாங்க் மாற்றும் டேப் பைலட்டின் கால்களுக்கு நடுவே இருக்கும். பெட்ரோல் குழாய் பைலட் பக்கத்தில் வரக் கூடாதே என்ற நல்ல எண்ணத்தில், செய்தவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

1997 அக்டோபர் 12. கலிஃபோர்னியாவில் மான்ட்டரே விமான நிலையம். கிளம்புவதற்கு முன்னால் சீட்டில் உட்கார்ந்து பார்த்தார். டேப் எட்டவில்லை. கூட இருந்த மெக்கானிக்கோடு சேர்ந்து கைப்பிடியில் ஒரு இடுக்கியை மாட்டிப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. தேவைப்பட்டால் ஆட்டோ பைலட்டில் போட்டுவிட்டுத் திரும்பிக்கொள்கிறேன் என்றார். ஒரு மணி நேரம்தானே என்று, பெட்ரோலும் போட்டுக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரத்தில் விமானம் கடலில் விழுந்தது. டேப்பைத் திருப்ப உடம்பைத் திருப்பியபோது, வலது கால் தன்னையறியாமல் பெடலை அழுத்திவிட்டது என்பது விசாரணையின் முடிவு. வயது 53.

தரை தன் வேலையைச் செய்துவிட்டது சார். ‘எட்டவில்லை’ என்று பளிச்சென்று சொல்லிவிட்டது. அதைத்தான் சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டார்கள்.

இதைப் படித்து முடித்தபோது ராத்திரி பதினொன்றரை. மறுநாள் காலை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, வண்டியை மெக்கானிக் ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டே போனேன். டேப்பைக் கழற்றிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “ஏன் சார், நாலு மாசமா ப்ளேயரோடயா ஓட்டினீங்க?”

புது டேப். இருபது நிமிஷ வேலை. ஒரு விரலால் திரும்புகிறது.

பெருமையாக வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் உள்பட. ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கேஸ் அடுப்பு ட்யூப் மாத்தணும்னு தீபாவளிக்கே சொன்னேனே, அது எந்த அக்கவுன்ட்ல இருக்கு?” என்றாள்.

மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.