தட்டில் இருந்தது என்ன?

2008ஆம் ஆண்டு, சீனாவின் ஹூனான் மாநிலத்தில் உள்ள ஒரு தொடக்கப்பள்ளியில் சில மாணவர்களுக்கு மதிய உணவாக மஞ்சள் நிறச் சோறு வழங்கப்பட்டது. அவர்களுக்கு ஆறு முதல் எட்டு வயது இருக்கும். அந்தச் சோறு, 'தங்க அரிசி' எனப்படும் மரபணு மாற்றப்பட்ட அரிசியில் சமைக்கப்பட்டது. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் என்னும் சத்து இந்த அரிசியிலும் உண்டு. உடல் அதனை வைட்டமின் ஏ சத்தாக மாற்றிக்கொள்ளும்.

ஆய்வின் நோக்கம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. வைட்டமின் ஏ குறைபாட்டால் ஆண்டுதோறும் 250,000 முதல் 500,000 குழந்தைகள் வரை பார்வை இழப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. காய்கறியும் முட்டையும் வாங்க முடியாத குடும்பத்திலும் சோறு இருக்கும். அந்தச் சோறே சத்தைத் தந்துவிட்டால்?

2012இல் ஆய்வு முடிவு வெளியானது. ஒரு கிண்ணம் தங்க அரிசிச் சோறு, அந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவையான வைட்டமின் ஏ சத்தில் ஏறக்குறைய 60 விழுக்காட்டைத் தரும் என்றது அது. நல்ல செய்திதான். ஆனால், சீனாவில் எழுந்தது மகிழ்ச்சியன்று, கோபம். பெற்றோரிடம் ஒப்புதல் படிவத்தின் கடைசிப் பக்கம் மட்டுமே கொடுக்கப்பட்டது என்று விசாரணையில் தெரியவந்தது. அதில் தங்க அரிசி என்ற பெயரே இல்லை.

'உண்மையைச் சொல்லியிருந்தால் பெற்றோர் பயந்து மறுத்திருப்பார்கள். ஆய்வே நடந்திருக்காது' என்று சிலர் வாதிடலாம். மறுப்பதற்குத்தானே அவர்களிடம் உரிமை இருக்கிறது! மறுக்க வாய்ப்பில்லாத இடத்தில் வாங்கும் கையெழுத்து, ஒப்புதல் ஆகாது. பிள்ளைகளின் உடல்நலத்துக்குத் தீங்கு நேர்ந்ததாக எந்தச் சான்றும் கிடைக்கவில்லை என்று ஆய்வில் பங்குகொண்ட அமெரிக்கப் பல்கலைக்கழகம் பின்னர் அறிவித்தது. அது ஆறுதல் தரும் செய்தியே. எனினும், மறைத்ததை அது நியாயப்படுத்திவிடாது.

இதில் பெரிதும் அடிபட்டது தங்க அரிசியின் நற்பெயர்தான். மரபணு மாற்றப்பட்ட உணவை ஏற்கெனவே ஐயத்தோடு பார்த்தவர்களுக்கு, 'ஏன் மறைத்தார்கள்?' என்று கேட்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

2015இல் அந்த ஆய்வுக் கட்டுரையை வெளியிட்ட இதழே அதனைத் திரும்பப் பெற்றது. பெற்றோர் முழு விவரம் அறிந்து ஒப்புக்கொண்டதற்குப் போதிய சான்று இல்லை என்பதே இதழ் கூறிய முக்கியமான காரணங்களுள் ஒன்று. பல ஆண்டு உழைப்பு, படிவத்தில் ஒரு வரியை எழுதத் தயங்கியதால் வீணாயிற்று.