பராமரிப்பு நிலையத்திற் பிள்ளை என்ன கற்கின்றது?

தாயும் தந்தையும் தொழிலுக்குச் செல்லும் குடும்பங்களிலே பிள்ளையின் பகற்பொழுது பராமரிப்பு நிலையத்திலே கழிகின்றது. காலை எட்டு மணிக்கு ஒப்படைக்கப்பெறும் பிள்ளை மாலை நான்கு மணிக்கே தாயின் கைக்கு மீள்கின்றது. விழித்திருக்கும் நேரத்திற் பெரும்பங்கு அங்கே போய்விடுதலால், அங்கே பிள்ளை என்ன செய்கின்றது என்ற வினா தாய்க்கு எழுதல் இயல்பே. ஆயின், அவ்வினாவுக்குப் பெற்றோர் விடை தேடும் இடம் பெரும்பாலும் ஒன்றாகவே இருத்தலைக் காண்கின்றோம். அது பிள்ளையின் கொப்பி. மூன்று வயதுப் பிள்ளையின் கொப்பியிலே “அ” என்னும் எழுத்து இரண்டு பக்கம் நிரம்பியிருந்தால் நிலையம் நல்ல நிலையம். கொப்பி வெறுமையாயின், பிள்ளையைச் சும்மா விளையாட விட்டுக் காசு வாங்குகின்றனர் என்பது முடிபு.

இம்முடிபினால் விளையும் தீங்கு சிறிதன்று. பிஞ்சுக் கையைப் பிடித்து எழுதுவித்தல் தகாது என்பதை நன்கறிந்த ஆசிரியைமார் பலர் உளர். ஆயினும், அடுத்த ஒழுங்கையிலுள்ள நிலையம் வீட்டுவேலை கொடுக்கின்றதாம் என்ற பேச்சு எழுந்த மறு மாதமே ஐந்து பிள்ளைகள் அங்கே மாறிவிடின், சிறிய வரும்படியில் நடக்கும் நிலையம் என் செய்யும்? ஆசிரியையும் வேறு வழியின்றிக் கொப்பியைக் கையிலெடுக்கின்றார். ஆகவே, பாலர் என்ன கற்கவேண்டும் என்பதை இன்று தீர்மானிப்பவர் ஆசிரியை அல்லர். படலையில் நின்று கொப்பியைப் புரட்டும் பெற்றோரே. அவர்களோடு பேசுதலே இவ்வாரம் நமது நோக்கமாகும்.

பெற்றோரின் அச்சம் பொய்யன்று. முதலாந் தரத்திற் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற கவலை அன்பினின்றும் எழுவது. ஆனால், எழுதுதற்குக் கை வேண்டும். அக்கை முதிரவும் வேண்டும். வளர்ந்தவரின் மணிக்கட்டிலே எட்டுச் சிற்றெலும்புகள் உள. பிறந்த குழந்தைக்கு அவ்வெட்டும் வெறுங் குருத்தெலும்பே. ஆண்டுகள் செல்லச் செல்ல அவை ஒவ்வொன்றாக எலும்பாகி வருகின்றன. கடைசி எலும்பு இறுகத் தொடங்குதற்கு ஒன்பது முதற் பன்னிரண்டு வயது வரை செல்லும். கண்ணுங் கையும் ஒத்து இயங்குதலும் இவ்வாறே படிப்படியாக வருவது. இரண்டு வயதளவிற் பிள்ளை நேர்கோட்டைப் பார்த்து இழுக்கும்; மூன்றளவில் வட்டம் வரையும்; நான்களவிற் கூட்டற்குறி போடும்; சதுரமும் முக்கோணமும் ஐந்து வயதை அண்டியே கைவரும். சுழியும் வளைவும் நிமிர்ந்த கோடும் ஒருங்கே அமைந்த “அ” என்னும் எழுத்து இவற்றுள் எவ்வளவு கடினமானது என்பதை வாசகர் தாமே எண்ணிப் பார்க்கலாம். “ட”, “ப” என்னும் எழுத்துக்களோ நேர்கோடுகளால் ஆனவை. நெடுங்கணக்கின் முதலெழுத்து என்பதனால் அது கைக்கும் முதலெழுத்தாய்விடாது.

அங்ஙனமாயின் எழுத்தையே காட்டாது விடுவதா என்று கேட்பர். அன்று. எழுத்தைக் கண்ணாலும் விரலாலும் அறிமுகஞ் செய்தல் வேறு. பென்சிலைத் திணித்தல் வேறு. விசயதசமி நாளில் ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கின்றோமன்றோ? நம் முன்னோர் அன்றைக்கு மட்டும் அவ்வாறு செய்தாரல்லர். திண்ணைப் பள்ளிகளிலே நாடோறும் மணலில் விரலால் எழுதிப் பழக்கினர். சென்னையில் ஆதரவற்ற சிறுவர் இல்லமொன்றை நடத்திய அந்திரு பெல் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு, நாட்டுப் பள்ளியிற் பிள்ளைகள் மணலில் எழுதி ஒருவருக்கொருவர் கற்பித்தலைக் கண்டு வியந்து, அதனைத் தம் பள்ளியிலும் கைக்கொண்டார். 1797இல் அதுபற்றி நூலும் வெளியிட்டார். அம்முறை “சென்னை முறை” என்னும் பெயரோடு இங்கிலாந்திலே பரவியது. கடல் கடந்து சென்ற அம்மணல், நம் பாலர் நிலையங்களுக்குத் திரும்பி வருதற்கு ஒரு தட்டமும் இரண்டு சிரங்கை மணலும் போதும்.

வேலைக்குச் செல்லும் தாய்மாரின் பிள்ளைகளுக்காகவே தோன்றிய நிலையமொன்றின் வரலாறும் ஈண்டு நினைத்தற்குரியது. உரோமாபுரியின் சான் உலொறன்சோ என்னும் ஏழைமக்கள் குடியிருப்பிலே, பெற்றோர் தொழிலுக்குச் சென்றபின் தனித்து விடப்பட்ட பிள்ளைகள் சுவர்களைப் பாழாக்கினர். கட்டடத்தைக் காக்கும் பொருட்டு அதனை நடத்தியோர் ஓர் அறையை ஒதுக்கி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மரியா மொன்ரிசோரி என்னும் பெண் மருத்துவரிடம் கொடுத்தனர். அது 1907 ஆம் ஆண்டு சனவரி 6 ஆந் தேதி திறக்கப்பெற்றது. எழுத்துக் கற்பிக்கும் எண்ணம் அம்மையாருக்கு முதலில் இருக்கவில்லை. எழுத்தறியாத தாய்மாரே தம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும்படி வேண்டினர். அவர் அவ்வேண்டுகோளைத் தள்ளவுமில்லை; கொப்பியை நீட்டவுமில்லை. மண்கடதாசியில் வெட்டிய எழுத்துக்களைப் பிள்ளைகள் விரலால் தடவித் தடவி உணரச் செய்தார். கையும் கண்ணும் பழகியபின் பிள்ளைகள் தாமாகவே எழுதத் தொடங்கினர். அம்மையார் 1939இற் சென்னை அடையாற்றுக்கும், 1944இல் நம் இலங்கைக்கும் வந்து ஆசிரியருக்குப் பயிற்சி வகுப்புக்கள் நடத்தினார். அவர் பெயரைப் பலகையில் எழுதிய நிலையங்கள் நம் நாட்டிற் பல. அவர் வழியை அறையினுள்ளே கொண்டவை எத்தனை என்பதையும் பெற்றோர் பார்த்தல் வேண்டும்.

இனி, நிலையத்திற் செய்யத்தக்கவற்றைச் சொல்வோம். ஒரு வயது முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைக்குப் பாடம் என்பது பொருளைத் தொடுதலும் தூக்குதலும் ஊற்றுதலும் நடத்தலுமே. இரண்டு சிரட்டையும் ஒரு வாளித் தண்ணீரும் கொடுத்துப் பாருங்கள். அரை மணி நேரம் ஊற்றி ஊற்றிப் பார்க்கும். நிரம்பியது வழியும், சாய்த்தது சிந்தும், பெரியது சிறியதினுள் அடங்காது என்பனவெல்லாம் அப்போது அது கற்கும் பாடங்கள். மூடியும் போத்தலும், பெட்டியும் கடகமும், ஒன்றனுள் ஒன்று வைக்கும் கிண்ணங்களும் இவ்வகையின. சேலைத் தலைப்பாற் பந்தை மறைத்து “எங்கே?” என்று கேட்டல், காணாத பொருளும் இருக்கின்றது என்பதை உறுதிப்படுத்தும். நடைவண்டி தள்ளுதல் காலுக்கு உறுதி தரும்.

இப்பருவத்திற் கருவியினும் மேலானது பேச்சு. கை கழுவும்போதும் சோறூட்டும்போதும் உடை மாற்றும்போதும் ஆசிரியை பேசிக்கொண்டே செய்தல் வேண்டும். “இது வலக்கை, இது இடக்கை, தண்ணீர் குளிர்கின்றது, சோறு சுடுகின்றது” என்பன குழந்தைக்குச் சொற்செல்வம். “பா” என்று அது சுட்டினால், “ஓம், பால் வேண்டுமா?” என்று நிறைவு செய்து கொடுத்தல் ஆசிரியையின் கடன். மலையகத் தோட்டங்களிற் பிள்ளைக் காம்பரா என்று வழங்கிய இடங்கள் இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் என்னும் பெயர் பெற்றுள்ளன. கொழுந்து பறிக்கச் செல்லும் தாய் தன் கைக்குழந்தையை அங்கேதான் விடுகின்றாள். தொட்டிலை ஆட்டுதலோடு நில்லாது, குழந்தையின் முகம் பார்த்துப் பேசும் ஒருவர் அங்கே இருப்பின் பெயர் மாற்றம் பொருளுடைய மாற்றமாகும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை எதையும் வாயில் வைக்கும். புளியங்கொட்டை, மணி, நாணயம், நிலக்கடலை முதலியன தொண்டையில் அடைத்து உயிரைப் போக்கவல்லன. குன்றிமணியோ நஞ்சு, அது எந்த வயதுப் பிள்ளையின் கையிலும் இருத்தலாகாது. ஒரு சாண் ஆழமுள்ள நீரிலும் குழந்தை மூழ்கக்கூடும். ஆதலின் நீர் விளையாட்டின்போது வளர்ந்தவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில் இருந்தே தீரவேண்டும். முடிந்தவுடன் வாளியைக் கவிழ்த்து வைத்தல் வேண்டும்.

மூன்று வயது முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வேலைகள் விரியும். சிப்பி, சோகி, மஞ்சாடி, இலை என்பவற்றைக் குவித்து இனம் பிரிக்கச் சொல்லலாம். ஒரு பிள்ளை நிறத்தால் பிரிக்கும். மற்றொன்று அளவால் பிரிக்கும். இரண்டும் சரியே; ஏன் அவ்வாறு பிரித்தாய் என்று கேட்டலே பாடம். உணவு வேளையில் ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டம் வைக்கும் பொறுப்பை ஒரு பிள்ளையிடம் விடுங்கள். நூறு வரை ஒப்புவிக்கும் பிள்ளையும், எட்டுப் பேருக்கு எட்டுத் தட்டம் எடுக்கத் தடுமாறுதல் உண்டு. ஒன்றுக்கொன்று பொருத்தும் இவ்வறிவே கணிதத்தின் அத்திவாரம். பயறு ஊறவைத்து, ஈரத்துணி இட்ட சிரட்டையிற் போட்டால் இரண்டொரு நாளில் முளை காணும். வெயிலில் ஒன்றும் இருளில் ஒன்றும் வைத்து வேறுபாட்டைப் பார்க்கச் செய்யலாம். மணற்கரையில் ஈர்க்கை ஒளித்துக் கண்டுபிடிக்கும் நம்மூர் விளையாட்டு, காத்திருத்தலையும் முறை வைத்தலையும் கற்பிக்கும். பழைய பெட்டிகளும் ஒரு தராசும் கிடைத்தாற் கடை வைத்து விளையாடுவர், விலை பேசுவர், மீதிக் காசு கேட்பர். களிமண் பிசைதல், தாள் கிழித்து ஒட்டல், தெறி பூட்டல், கோலப் புள்ளிகளிற் பூ வைத்தல் என்பன நாளை பென்சில் பிடிக்கப்போகும் விரல்களுக்கு இன்றைய பயிற்சிகள். நாடோறும் ஒரு கதையேனும் சொல்லல் வேண்டும். மறுநாள் அதைப் பிள்ளை திருப்பிச் சொல்லக் கேட்டலும் வேண்டும்.

விளையாட்டென்றால் ஒழுங்கின்மை என்று கருதுதல் தவறு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாந்தி நகரிலே 1962 முதல் 1967 வரை, ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 123 பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மட்டும் மூன்று நான்கு வயதிற் பாலர் வகுப்புக்கு அழைத்தனர். அங்கே பிள்ளை, இன்று தான் செய்யப்போவதைத் தானே சொல்லும், பின் செய்யும், முடிவிற் செய்ததை எடுத்துரைக்கும். நாற்பதாவது வயது வரை இரு பிரிவினரையும் தொடர்ந்து ஆராய்ந்தபோது, பாலர் வகுப்பு வாய்க்கப்பெற்றோரிற் கூடிய பங்கினர் பள்ளிப்படிப்பை முடித்திருந்தனர். கூடிய ஊதியமும் பெற்றனர். குற்றஞ்செய்து கைதாவதும் அவர்களிடையே குறைந்திருந்தது. சொல்லல், செய்தல், எடுத்துரைத்தல் என்னும் இம்மூன்றுக்கும் எந்த நிலையத்திலும் செலவில்லை.

ஓய்வும் அசைவும் கல்வியின் கூறுகளே. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஒரு வயது முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளை நாளொன்றுக்கு 180 நிமிடமேனும் உடலசைவோடு இருத்தல் வேண்டும். மூன்று நான்கு வயதினர்க்குப் பகலுறக்கம் உட்பட 10 முதல் 13 மணி நேர உறக்கம் வேண்டும். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயதினர்க்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது. வேலை முடிந்து களைத்து வரும் தாய் வீட்டிற் சிறிது நேரம் கைத்தொலைபேசியைக் கொடுத்தலை நாம் குறைகூறோம். பிள்ளையைப் பார்த்தற்கென்றே பணம் பெறும் நிலையத்தில் தொலைக்காட்சி ஆசிரியையின் இடத்தை எடுத்தல் தகாது.

முதலாந் தர ஆசிரியர் என்ன எதிர்பார்ப்பார் என்று அஞ்சுவோர்க்கு ஒன்று சொல்வோம். 1990களின் இறுதியில் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், முதலிரு தரங்களிலும் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் முதன்மை கொடுத்து, எழுத்துவேலையைக் குறைவாகவே வைத்தது. சொன்னதைக் கேட்கவும், வேண்டியதைச் சொல்லவும், முறைக்குக் காத்திருக்கவும், தன் பையைத் தானே திறந்து மூடவும் அறிந்த பிள்ளைக்கு எழுத்து விரைவில் வரும். எழுத்தை வெறுக்கப் பழகிய பிள்ளைக்கு, இரண்டு பக்கம் “அ” எழுதத் தெரிந்திருந்தும் பயன் யாது?

நிலையத்தாரும் செய்யவேண்டியது ஒன்றுண்டு. “இன்று மணலில் ‘ட’ வரைந்தோம், பயறு முளைத்தது, எட்டுத் தட்டம் எண்ணினோம்” என்று வாயிலில் ஒரு பலகையில் நாடோறும் எழுதிவைத்தால், கொப்பியில் இல்லாத கல்வி பெற்றோரின் கண்ணுக்குத் தெரியும். பெற்றோரோ, பிள்ளையைச் சேர்க்குமுன் அவ்வாயிலிற் பத்து நிமிடம் நின்று கேட்டல் நன்று. ஆசிரியையின் குரல் மட்டுமே கேட்கின்றதா, பிள்ளைகளின் குரலும் கேட்கின்றதா? அழும் பிள்ளையை எவரேனும் தூக்குகின்றனரா? விளையாட்டுப் பொருள்கள் அலுமாரியின் உச்சியில் அழகுக்கு இருக்கின்றனவா, பிள்ளையின் கையெட்டும் உயரத்தில் இருக்கின்றனவா? இவற்றுக்கு நல்ல விடை கிடைக்கும் நிலையத்திற் கொப்பி வெறுமையாயிருப்பினும், பிள்ளையை மன அமைதியோடு விட்டு வேலைக்குச் செல்லலாம்.