ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

பிள்ளையார்பாளையம் பக்கம் போனால் ஜக்கார்டு அட்டை கோர்ப்பதைப் பார்க்கலாம். எண் வரிசைப்படிதான் கோர்ப்பார்கள். ஒன்று இடம் மாறினாலும் கரையில் மாங்காய் கோணிக்கொள்ளும். எண்ணே போடாத அட்டைக்கட்டு மாதிரிதான் எங்கள் கைக்கு புராஜெக்ட் போர்டு வந்தது!

அது ஒரு பீகிள்போன். லினக்ஸை எழுப்பிவிடும் யூ-பூட் பூட்லோடரை முன்பே யாரோ மாற்றியிருந்தார்கள். பவர் போட்டால் திரையில் ஒரே கிறுக்கல். கேபிளை மாற்றினோம், கம்ப்யூட்டரை மாற்றினோம், பதினோரு நாள் போச்சு. கடைசியில் பார்த்தால், சீரியல் போர்ட்டின் கடிகாரம் 48 மெகாஹெர்ட்ஸ் என்றிருக்க வேண்டிய இடத்தில் 24! போர்டிலுள்ள கிரிஸ்டல் 24 என்பதால் அதையே போட்டுவிட்டார்கள் போலும். 115200 பாட் வேகத்துக்கு டிவைசர் 26 வர வேண்டும், வந்ததோ 13. வேகம் இரட்டிப்பாகிவிட்டது.

தப்பு யாருக்கும் வரும். ஆனால் ஏன் மாற்றினோம் என்று ரெக்கார்டில் ஒரு வரி இல்லையே! (நன்றியுரை மட்டும் இரண்டு பக்கம்.)

யூ-பூட்டிலேயே பல ஆண்டுகள் இந்த ஆப்ஷன்களுக்கு ரீட்மி என்ற நீளமான கோப்புதான் கதி. 2014-இல் கேகான்ஃபிக் வந்தபின் ஒவ்வொன்றின் கீழேயும் 'ஹெல்ப்' எழுத இடம் கிடைத்தது. அங்கேயும் சிலர் "இது இன்ன டிரைவரை இயக்கும்" என்று பெயரையே திருப்பிச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எந்தக் கடிகாரம், எந்த அலகு, தவறினால் திரையில் என்ன தெரியும் என்று எழுதினால்தானே அது ஹெல்ப்?

போர்டு இப்போது லேப் பீரோவில் இருக்கிறது, கூடவே எங்கள் நான்கு பக்க நோட்டும். அடுத்த பேட்ச் பிரித்துப் பார்க்கட்டும். புரியாத வரி இருந்தால் எங்களைத் தாராளமாகத் திட்டலாம்.